இருபத்தாறு மணி நேரச் சுவர்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். உன் அத்தையும் நலம். கோபத்தில்தான் எழுதுகிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கடிதம் படித்துவிட்டு, மாமாவுக்குக் கோபம் என்று நீயாகக் கண்டுபிடித்த மாதிரி பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வீட்டில், பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உன்னோடு வேலை பார்க்கிற அந்த மூக்குக்கண்ணாடிக்காரருக்கு நான் அணு உலைச் சுவர் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் சோற்றைக்கூடப் பிசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கதை நல்ல இடத்துக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய்? "மாமா, கொஞ்சம் அடக்கி வாசிங்க. அந்தச் சுவத்துலதான் நான் இப்ப வேலை பாக்கிறேன்." எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா, என் கூடப் பிறந்தவள், அவளும் சிரித்தாள். நான் கை கழுவப் போன ஆள் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதில் ஒரு செருப்பு என்னுடையது இல்லை என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது. அது யாருடையது என்று விசாரி.

நீ பெரிய படிப்புப் படித்தவள். நான் எட்டாம் வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பியவன். ஆனால் நீ பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே கான்கிரீட் என்னைப் பார்த்தால் தானாகச் சமமாக உட்காரும். உலையைச் சுற்றி வட்டமாக நிற்கிறதே அந்தச் சுவர், ஒரு ஆள் படுத்துக் கையை நீட்டினால்கூட மறுபக்கம் எட்டாத தடிமன், அதில் பெரிய கதவு இருக்கிற அடுக்கை இருபத்தாறு மணி நேரம் நிறுத்தாமல் போட்டோம். அந்த இருபத்தாறு மணி நேரமும் வைப்ரேட்டர் என் கையில். கீழே வைக்கவில்லை. சோறுகூட ஒருவன் ஊட்டிவிட்டான். அதனால்தான் இன்றைக்குக் காது இரண்டும் போய், போனில் நீ பேசினால் கொசு பேசுகிற மாதிரி கேட்கிறது, கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. காதைக் கொடுத்துக் கட்டிய சுவர் அது.

அதை நீ போய்ச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்க்கிறாயாம். கிழவனுக்கு வைத்தியர் முதுகில் தட்டுகிற மாதிரி. நான் கட்டியதற்கு வயசாகாது. எழுதி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
இருபத்தாறு மணி நேரம் நின்ற உன் மாமா


ஜனவரி 15

அன்புள்ள மாமா,

செருப்பு தம்பியின் மாமனாருடையது. அவர் மூன்று நாளாக உங்கள் செருப்பையும் அவருடையதையும் ஜோடியாகப் போட்டுக்கொண்டு, ஏன் இடது கால் மட்டும் வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை. அந்த மூக்குக்கண்ணாடிக்காரர்தான் எங்கள் தலைமைப் பொறியாளர். நான் எழுதுகிற அறிக்கையில் கடைசிக் கையெழுத்து அவருடையது. அவர் முன்னால் நீங்கள் சோறு ஊட்டிய கதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டதே இல்லை, நானே சொல்கிறேன். நிலையத்துக்கு முப்பத்தைந்து வருஷம் என்று நாள் குறித்திருந்தார்கள். அது முடிந்துவிட்டது. உலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னும் இருபது வருஷம் ஓட்டலாமா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் பழசானால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். சுவரைக் கழற்ற முடியாது. அதனால் சுவர்தான் முடிவு சொல்லும். சுத்தியலால் தட்டி ஒலி கேட்பது ஒன்று. ஒரு கருவியைச் சுவரில் அழுத்தி ஒலியை உள்ளே அனுப்பினால், உள்ளே இருக்கிறது எதிரொலியாகத் திரும்பும். கெட்டியாக இருந்தால் ஒரு மாதிரி, பொள்ளலாக இருந்தால் வேறு மாதிரி.

பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். உங்கள் கதை அதிலும் இருக்கிறது: "இருபத்தாறு மணி நேரம், தடங்கல் எதுவும் இல்லை." ஒரே வரி. வேறு ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் குழுவில் இன்றைக்கு உயிரோடு இருப்பது எனக்குத் தெரிந்து நீங்கள் மட்டும்தான். அதனால் கேட்கிறேன். அந்த நாளில் நடந்ததை எழுதுங்கள். கதையாக வேண்டாம், நடந்ததாக.

அன்புடன்,
மருமகள்


ஜனவரி 22

அன்புள்ள மருமகளுக்கு,

கடைசியில் மாமாவிடம்தான் வர வேண்டியிருந்தது பார். உன் கடிதத்தை அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மாடி வீட்டுக்காரருக்கு ஒரு தடவை.

நடந்ததாகவே எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் ஒன்று தெரிந்துகொள். கான்கிரீட்டைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். அதற்குத்தான் வைப்ரேட்டர். அதன் நீளக் குழாயின் முனையில் கை நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, அதை நாங்கள் ஊசி என்போம். எந்தத் தையல்காரனும் பார்த்தால் தொழிலை விட்டுவிடுகிற ஊசி. அதை உள்ளே விட்டால் கிடுகிடுவென்று அதிரும், காற்றெல்லாம் குமிழ் குமிழாக மேலே வந்துவிடும், கலவை கம்பிக்கு நடுவில் புகுந்து கெட்டிப்படும். ஊசி போகாத இடம் தேன்கூடு மாதிரி ஓட்டையாக நின்றுவிடும்.

நான் இருக்கிற இடத்தில் தேன்கூடா? கேட்டுப் பார். கையை வைத்தால் கலவை பேசும், "போதும் தம்பி, எனக்கு நிறைஞ்சிட்டுது" என்று. பெரிய கதவைச் சுற்றிக் கம்பி எப்படி இருக்கும் தெரியுமா, பல்லிகூட யோசித்துத்தான் நுழையும். அதற்குள்ளும் ஊசியை விட்டேன். பத்து மணிக்குச் சுட்ட வெயில். பிற்பகலில் மழை. நடுவில் ஒரு பாம்பு வந்தது. அது அதிர்வைப் பார்த்து வந்த வழியே போய்விட்டது. மறுநாள் பத்து மணிக்கு முடிந்தபோது என் விரல்கள் வைப்ரேட்டர் பிடியில் ஒட்டிப்போய்விட்டன. மேஸ்திரி வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார். பெரிய அதிகாரி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையும் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆடியது.

அந்த அடுக்கில் ஒரு குண்டூசி நுழைகிற ஓட்டை கிடையாது. இதை அப்படியே அறிக்கையில் போட்டுக்கொள். பாம்பை வேண்டுமானால் எடுத்துவிடு.

உன் மாமா


பிப்ரவரி 2

அன்புள்ள மாமா,

பாம்பை எடுத்துவிட்டேன். மீதியை வைத்துக்கொண்டு பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இப்போது எழுதப் போவதைக் கோபப்படாமல் படியுங்கள். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாலும் சரி.

சுவரில் ஓர் இடத்தில் எதிரொலி சரியில்லை. உள்ளே ஏதோ பொள்ளல் இருக்கிறது. எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த இடத்தில் ஒரு கதை முளைத்துவிடும், உங்களை எனக்குத் தெரியும்.

பொள்ளல் இரண்டு வகையாக வரலாம். ஒன்று, கட்டும்போதே நின்றுபோனது. அது பிறவிக் குறை. அன்றைக்கு எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவுதான், நிரப்பிவிடலாம். இன்னொன்று, பின்னால் வந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினாலோ, சிமெண்டும் கல்லும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் உப்பினாலோ, கான்கிரீட் உள்ளுக்குள் பிரியும். அது நோய். நோய் வளரும். ஓர் இடத்தில் இருந்தால் வேறு இடத்திலும் இருக்கும் என்றுதான் நினைக்க வேண்டும்.

பதிவேடு சொல்கிறது, தடங்கல் இல்லை என்று. அன்றைக்கு அங்கே நின்ற ஆள் சொல்கிறார், குண்டூசி நுழைகிற ஓட்டை கிடையாது என்று. அப்படியானால் இது பின்னால் வந்தது. நான் வேறு எப்படி எழுதுவது? காரணம் சொல்லாமல் அந்தச் சுவரில் துளை போட்டுப் பார்க்க அனுமதி தர மாட்டார்கள். கம்பி நெருக்கமான இடம். மார்ச் கடைசிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். "காரணம் தெரியவில்லை, வளரக்கூடும்" என்று நான் எழுதினால் உலை திரும்ப ஓடாது. எண்ணூறு பேர் வேலை. கான்டீனில் தினமும் எனக்கு டீ போடுகிற அம்மாவில் இருந்து எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், என்ன எழுதப் போகிறாள் என்று.

பொய்யாக நல்லது என்று எழுதவும் மாட்டேன். அந்தச் சுவர் எதற்காக நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தால், மாமா, அந்தச் சுவருக்கு நோய். நீங்கள் எங்கேயாவது கோட்டை விட்டிருந்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

மருமகள்


பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லை. குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் கலங்கலாக வருகிறது. மாடி வீட்டுக்காரர் மாடிப்படிக்குப் புது விளக்குப் போட்டிருக்கிறார், வெளிச்சம் போதவில்லை.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. உன் கேள்விக்கு நான் ஏற்கெனவே எழுதியதுதான்.

மாமா


பிப்ரவரி 11

மருமகளே,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. குழாய்த் தண்ணீர் பற்றி எழுதியது மட்டும் உண்மை.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஏதாவது ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தத் தடவை அத்தை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு வரி எழுதி அவளிடம் படிக்கிறேன். அவள் தலையை ஆட்டினால்தான் அடுத்த வரி.

எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். அது உண்மை. வைப்ரேட்டர் என் கையில் இருந்தது. அதுவும் உண்மை. பதினொரு மணி வாக்கில், நாலாவது அடுக்கு, பெரிய கதவுக்கு வலது கைப் பக்கம், அடுக்கின் அடியிலிருந்து என் மார்பு உயரத்தில், ஊசி கம்பிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. கம்பிக்குள் விட்டால் உடனே மேலே தூக்க வேண்டும். நான் தூக்கவில்லை. அப்போது பக்கத்தில் நின்றவனிடம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன கதை என்று நினைவில்லை. நல்ல கதைதான், அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இழுத்தோம். நாலு பேர் இழுத்தோம். வரவில்லை. கலவை மேலே மேலே வந்துகொண்டிருந்தது, நிறுத்த முடியாது. பொறியாளர் வேறு பக்கம் இருந்தார். மேஸ்திரி வந்து பார்த்தார். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து ஊசியின் குழாயை அறுத்தார். "வாயைத் திறந்தே, ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சிடும்" என்றார். ஊசி உள்ளேயே போய்விட்டது.

மாற்று வைப்ரேட்டர் கிடங்கிலிருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்த இடத்தில் கம்பியால் குத்தினோம். குத்தினால் என்ன ஆகும், உனக்குத் தெரியும். மாற்று வந்ததும் மேஸ்திரி அதை வேறு ஆள் கையில் கொடுத்தார். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் நான் கான்கிரீட் காயாமல் இருக்கச் சாக்கை நனைத்து நனைத்து மேலே போட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி வந்து கை குலுக்கும்போது வரிசையில் நானும் நின்றேன், அவ்வளவுதான். ஊசி தேய்ந்து போயிற்று என்று கிடங்கில் எழுதிவிட்டார்கள். மேஸ்திரி இறந்து இருபது வருஷம் ஆகிறது.

உன் மாமா இருபத்தாறு மணி நேர மாமா இல்லை, மூன்று மணி நேர மாமா.

அத்தையிடம் இதுவரை சொன்னதில்லை. கேட்டுவிட்டு அவள், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தக் கதையை நாப்பது வருஷம் கேக்காம தப்பிச்சிருப்பேனே" என்றாள். இப்போது அடுப்படிக்குப் போய்விட்டாள். இதற்குமேல் எழுதினால் ஏதாவது ஒட்டிக்கொள்ளும்.

மாமா


பிப்ரவரி 20

மாமா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக எடுத்துக்கொண்டு போய்த் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். வரைபடத்தை விரித்தார். நாலாம் அடுக்கு, பெரிய கதவுக்கு வலப்பக்கம், மார்பு உயரம். கருவியை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினோம். அந்தப் பகுதி முழுக்க ஒரு சாண் விடாமல் பார்த்தோம். கெட்டிக் கல். ஊசியும் இல்லை, ஓட்டையும் இல்லை. நாங்கள் கண்ட பொள்ளல் இருப்பது அங்கே இல்லை.

கீழே இறங்கியதும் அவர் சொன்னார்: "உங்க மாமா நல்லவர்மா. மருமகளுக்கு உதவணும்னு ஒரு கதை சொல்லியிருக்கார்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது இன்னும் மோசம்.

நீங்கள் என்னைக் காப்பாற்றுவதற்காக உங்களையே கெட்டவராக்கி ஒரு கதை கட்டினீர்களா? அப்படியானால் அது உங்கள் கதைகளிலேயே நல்ல கதை, எனக்கு வேண்டாம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நான் பார்த்ததை மட்டும் வைத்து எழுதிக்கொள்கிறேன்.

மருமகள்


பிப்ரவரி 25

அம்மா தாயே,

உன் மூக்குக்கண்ணாடியிடம் போய்ச் சொல். எனக்குப் பொய் சொல்ல வேண்டுமென்றால் இதைவிட நல்ல பொய் வராதா? பொய்யில் நான் என்றைக்காவது இப்படி அசிங்கப்பட்டிருக்கிறேனா? என் பொய்களைக் கேட்டவள்தானே நீ. எதிலாவது நான் சாக்கு நனைத்திருக்கிறேனா? நாற்பது வருஷமாக அடுக்கி வைத்த மானத்தை எடுத்துத் தெருவில் வைத்தேன், அதைப் பார்த்து உதவி என்கிறார்.

நாலாம் அடுக்குதான். எனக்கு வயசாகியிருக்கலாம், ஆனால் எண்ணத் தெரியாத வயசு இன்னும் வரவில்லை. வேண்டுமானால் அந்தச் சுவரை ஒவ்வொரு அடுக்காக இங்கே உட்கார்ந்தபடியே சொல்கிறேன். முதல் அடுக்கு முடிந்ததும் மேஸ்திரி சாரத்தில் நின்று சத்தமாக "லாபம்" என்றார், அதற்கு மேலே ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் நாங்கள் எண்ணிச் சொல்லுவோம். அந்த ஆள் முன்னே தானியக் கிடங்கில் படி அளந்தவர். லாபம் என்றால் முதல் அடுக்கு, அஸ்திவாரத்துக்கு மேலே, அன்றைக்கு எனக்குச் சட்டை புதுசு. ஒண்ணு, அதில் ஒரு பலகை பிதுங்கிக்கொண்டது. ரெண்டு, மழையில் நின்றுபோய் மறுநாள் போட்டோம். மூணு, ஒன்றும் விசேஷம் இல்லை. நாலு, அதில்தான் கதவு, அதில்தான் நான் கெட்டேன். ஐந்து, அதற்கு மேலே, அதில் எனக்கு வைப்ரேட்டரே கொடுக்கவில்லை. இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

நம்பாவிட்டால் விட்டுவிடு. ஆனால் உதவி என்று மட்டும் சொல்லாதே.

மாமா


பிப்ரவரி 28

மாமா,

ஒரே கேள்வி. லாபம் என்பது எத்தனையாவது?

உங்கள் பதில் வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன், பொறுக்க முடியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்களாம், அப்புறம் இரண்டு என்று போகுமாம். உங்கள் மேஸ்திரி அப்படித்தான் சொல்லியிருப்பார். நீங்கள் யாரும் தானியம் அளந்தவர்கள் இல்லை. லாபம் முடிந்ததும் ஒண்ணு என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அவரும் திருத்தவில்லை.

வரைபடத்தில் லாபம் இல்லை, மாமா. ஒன்றில்தான் ஆரம்பம். உங்கள் நாலு எங்களுக்கு ஐந்து.

எங்கள் பொள்ளல் ஐந்தாம் அடுக்கில் இருக்கிறது. பெரிய கதவுக்கு வலப்பக்கம். அடுக்கின் அடியிலிருந்து ஒரு மீட்டர் இருபது. உங்கள் மார்பை நான் அளந்ததில்லை, ஆனால் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

வரைபடத்தில் கதவே ஐந்தாம் அடுக்கில்தான் பெரிதாகத் திறக்கிறது. நாலில் அதன் அடி விளிம்பு மட்டும். அதை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. நீங்கள் சொன்ன நாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு படித்தவர்கள் சாரத்தில் ஏறிவிட்டோம்.

தலைமைப் பொறியாளர் உங்கள் கடிதத்தை மறுபடி வாங்கிப் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. இடம் தெரியாமலே இடத்தைச் சொன்ன ஆள் என்று எழுதி, துளை போட அனுமதி கேட்டு அனுப்பிவிட்டார்.

நான் போன கடிதத்தில் எழுதியதை மன்னித்துவிடுங்கள்.

மருமகள்


மார்ச் 6

அன்புள்ள மருமகளுக்கு,

அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாற்பத்தொரு வருஷமாக நான் பதினாலு அடுக்குச் சுவரைப் பதின்மூன்று என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நான் குறைத்துச் சொன்ன ஒரே விஷயம் இதுதான்.

ஒன்று கேட்கிறேன். அறிக்கையில் இதை எழுதுவார்கள் என்றால், "ஒரு தொழிலாளி" என்று போட முடியுமா? உன் அம்மாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது, அது பரவாயில்லை, அவள் அக்கா. ஆனால் தம்பியின் மாமனார் இருக்கிறார், மாடி வீட்டுக்காரர் இருக்கிறார். அந்தக் கதையில்தான் இத்தனை வருஷம் நான் எல்லார் வீட்டிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதை போய்விட்டால் என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? இதை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை.

மாமா


மார்ச் 17

அன்புள்ள மாமா,

முதலில் செய்தி. நேற்றுக் காலை விரல் தடிமனுக்கு ஒரு துளை போட்டோம். கம்பிகளுக்கு நடுவில் போக மூன்று மணி நேரம் ஆயிற்று. சின்னக் கேமராவை உள்ளே விட்டோம். முதலில் சாம்பல் நிறம். பிறகு தேன்கூடு, நீங்கள் எழுதிய மாதிரியே. அதற்குள் பளபளவென்று வளைந்த இரும்பு. தலையில் அறுந்த குழாய், ரம்பம் போன தடம்கூடத் தெரிந்தது. துருப்பிடிக்கவில்லை. சுற்றியிருக்கிற கம்பியும் துருப்பிடிக்கவில்லை. விரிசல் எதுவும் கிளம்பவில்லை. பிறவிக் குறைதான்.

 தலைமைப் பொறியாளர் திரையைத் தொட்டுக் காட்டி, "உங்க மாமாவோட ஊசி" என்றார்.

"ஒரு தொழிலாளி" என்று போட முடியாது, மாமா. பெயரில்லாத சாட்சியை யாரும் ஏற்க மாட்டார்கள். நீங்கள் இங்கே வந்து வாக்குமூலத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வர மாட்டேன் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன், ஆனால் அறிக்கை அந்த இடத்தில் நொண்டும்.

எதற்குக் கூப்பிடுவார்கள் என்று கேட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு சாப்பாட்டு மேசையில் யாரும் சரியாகப் பேசவே இல்லை. பாயசம் வரும் முன்பே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உங்களிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னாள். தலைக்கு ஏறிவிடுமாம்.

இருபத்தெட்டாம் தேதி அதற்குக் கீழே இன்னொரு துளை போட்டு, அதன் வழியாகச் சிமெண்டுப் பால் ஏற்றி அந்தப் பொள்ளலை நிரப்பப் போகிறோம். அன்றைக்கே வாருங்கள். இரண்டு செருப்பும் உங்களுடையதா என்று பார்த்து மாட்டிக்கொண்டு வாருங்கள்.

மருமகள்


ஏப்ரல் 3

அன்புள்ள மருமகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நேரில் பேசியிருக்கலாம், ஆனால் அங்கே இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நீயும் ஓடிக்கொண்டே இருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

அந்த அறையில் வாக்குமூலத்தை ஒரு அம்மா எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டினாள். நடுவில் எங்கேயாவது திருத்த வேண்டுமா என்று கேட்டாள். இரண்டு இடத்தில் கை துறுதுறுத்தது. விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். உன் தலைமைப் பொறியாளர் அதற்குக் கீழே போட்டார். ஒரே தாளில் அவரும் நானும். அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, மாடி வீட்டுக்காரரிடம் மட்டும்.

பிறகு சாரத்தில் ஏற்றினீர்கள். தொப்பி பெரிசாக இருந்ததால் பாதி நேரம் எனக்குத் தொப்பிதான் தெரிந்தது. நீ கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாய். குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் பேசவில்லை சுவர்.

நாற்பத்தொரு வருஷமாக அந்த ஓட்டையை நான் மனசில் பார்த்துக்கொண்டே இருந்தேன், மருமகளே. முதலில் ஒரு பானை அளவு இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு பீரோ அளவு. ஒவ்வொரு தடவை நான் கதையைச் சொல்லும்போதும் அது கொஞ்சம் வளரும். இப்போதெல்லாம் ஒரு அறை அளவுக்கு வந்துவிட்டது, உள்ளே ஒரு குடும்பம் குடியிருக்கலாம். உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றைக்கு, அந்தச் சுவர் முழுக்கவே ஓட்டை, மேலே ஒரு பூச்சு மட்டும் நிற்கிறது என்றுதான் தோன்றியது. நோய் வளரும் என்று எழுதியிருந்தாயே, அது சுவரைப் பற்றி என்று எனக்குப் படவில்லை.

பம்பைப் போட்டார்கள். கீழ்த் துளையில் சிமெண்டுப் பால் ஏறியது. மேல் துளையில் வந்தால் நிறைந்துவிட்டது என்று நீ சொல்லியிருந்தாய். நான் ஒரு சாக்கு, இரண்டு சாக்கு, ஒரு லாரி என்று எண்ணிக்கொண்டு நின்றேன். லாபத்தில் ஆரம்பிக்கவில்லை, ஒன்றிலிருந்தே எண்ணினேன். இரண்டாவது வாளி பாதி ஆகும்போது மேல் துளையிலிருந்து வெள்ளையாக வழிந்தது. பம்புக்காரர் மூடிவிட்டார். இவ்வளவுதானா என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. விரலால் காட்டினார். ஒன்றரை.

ஒன்றரை வாளி.

நீ அப்போது திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தொப்பியைச் சரி செய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். அது உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இந்த இடத்தைப் பொறுத்தவரை இன்னும் இருபது வருஷம் உலையை ஓட்ட இந்தச் சுவர் தடையாக இருக்காது என்று உன் மூக்குக்கண்ணாடி ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கான்டீனில் அந்த டீ போடுகிற அம்மா என்னிடம் காசு வாங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் இரண்டாவது டம்ளரும் கொடுத்தாள்.

வருகிற ஞாயிறு தம்பி வீட்டுக்கு எல்லாரும் வருகிறார்களாம், என்னையும் வரச் சொல்லியிருக்கிறான். முழுசாகச் சொல்லப் போகிறேன், கதை பேசிக்கொண்டு ஊசியை விட்டதில் இருந்து, சாக்கு நனைத்தது வரை. ஒன்றைக்கூட மறைக்கப் போவதில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவாள்.

வாளி மட்டும் இரண்டு என்று சொல்லிக்கொள்கிறேன். ஒன்றரை என்றால் சபையில் எடுபடாது.

இப்படிக்கு,
உன் மாமா